முப்பத்தெட்டு பவுண்டு இரும்பு

ஆர்லீன் முதன்முதலாக ஒருவரின் மூக்கை உடைத்தபோது அவளுக்குப் பதினாறு வயது. உடைந்தது அவளுடைய அப்பா எல்டனின் மூக்கு. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனவள் கையில் தகர வாளி இருந்தது. எல்டன் இடுப்பு வாரை உருவிக்கொண்டு கொட்டிலுக்குள் வந்தார். என்ன தப்புக்காக வந்தார் என்பது அவளுக்கு இன்றுவரை நினைவில்லை. வாளியைத் தண்ணீரோடு வீசினாள். எல்டன் வைக்கோல்மேல் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திய விரல்களின் இடுக்கில் ரத்தம் வழிய அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். அன்றோடு அவள்மேல் வார் விழுவது நின்றுபோயிற்று.

அவள் பங்கும் சேர்ந்து தம்பி கேலனுக்கு விழுந்தது. அவன் மூன்று வயது இளையவன். ஒருநாளும் திருப்பி அடித்ததில்லை. வாங்கியதையெல்லாம் உள்ளே வைத்திருந்து, ஆளானபின் நாய்களுக்குக் கொடுத்தான், இரண்டு மனைவிகளுக்குக் கொடுத்தான், சாராயக்கடையில் தன்னைவிடச் சின்ன ஆட்களுக்குக் கொடுத்தான். அவர்கள் இருந்த பென்சில்வேனிய மலைப்பகுதியில் எல்டன் பக்வால்டரின் பிள்ளைகள் என்றால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் ஒதுங்கிப் போவார்கள். ஆர்லீன் எதிரே நிற்பவன் எவ்வளவு பெரியவனானாலும் அடிப்பாள். கேலன் ஆள் பார்த்து அடிப்பான். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆர்லீனுக்கு வேலை மாடு அறுக்கும் கூடத்தில். கூண்டுக்குள் மாட்டை நிறுத்தி, கழுத்தை இரும்புச் சட்டத்தால் பிடித்து, நெற்றியில் கருவியை வைத்து இரும்பு முளையை மண்டைக்குள் செலுத்துவது அவள் பொறுப்பு. இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் சட்டத்தின் ஊக்கு ஒன்று தளர்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. காளை தலையை ஒரு விரற்கடை ஆட்டியது. முளை தவறி இறங்கியது. மண்டை பாதி பிளந்த காளை கூண்டை உடைத்துக்கொண்டு வந்து, எதிரே நின்ற ஆளைச் சுவரோடு வைத்து நசுக்கியது. அவனுடைய இடுப்பெலும்பு முறிந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஆர்லீன்தான் காளையின் கழுத்தைக் கத்தியால் அறுத்தாள். வீட்டுக்குப் போகும்போது அவளுடைய காலுறைக்குள்ளும் ரத்தம் இருந்தது. அன்றிலிருந்து காலையில் அவள் முதலில் தொட்டுப் பார்ப்பது கருவியை அல்ல, சட்டத்தைத்தான்.

கணவன் நெவின் ஸ்ட்ரோம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். சாதுவானவன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் அவனை அடித்ததில்லை. ஒருமுறை கையை ஓங்கியபோது அவன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் மடித்து வைத்துவிட்டு நின்றான். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எல்டனுக்கு உலகத்தில் பிடித்த ஒரே விஷயம் சிமெண்டு மேசையில் துப்பாக்கியைக் கிடத்தி ஆயிரம் கஜத்துக்கு அப்பாலுள்ள இலக்கு அட்டையைச் சுடுவது. இதில் ஆள் துப்பாக்கியைத் தூக்கிப் பிடிப்பதில்லை. முன்பாதி மூன்று கால் இரும்புத் தாங்கியின்மேல், தோல் மணல் பையில் உட்கார்ந்திருக்கும். பின்பாதி இன்னொரு மணல் பையில். சுடுகிறவரின் கை விசையைத் தொட்டால் போதும். ஐந்து தோட்டாவும் ஒரே இடத்தில் எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதுதான் போட்டி. மனிதர்களிடம் பொறுமையே இல்லாத எல்டன், காற்று ஓய்வதற்காக ஐந்து நிமிடம் அசையாமல் காத்திருப்பார்.

அவர் ஈரல் அழுகிச் செத்தபோது உயில் இரண்டு வரிதான். துப்பாக்கி ஆர்லீனுக்கு. மற்றதெல்லாம் கேலனுக்கு. மற்றதெல்லாம் என்றால் ஓட்டை வீடு, துருப்பிடித்த டிராக்டர், நிலவறையில் இருந்த, தோட்டாவில் வெடிமருந்து நிரப்பும் சாமான்கள், அந்தத் தாங்கி.

கேலன் சவ அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு முன்னாலேயே அக்காவிடம் அதைக் குத்திக்காட்டினான். தீயணைப்பு நிலையக் கூடத்தில் எல்லாரும் பன்றிக்கறி சாண்ட்விச்சும் பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டையும் தின்றுகொண்டிருந்தார்கள்.

"உனக்குத் துப்பாக்கியக் குடுத்தாரு. எனக்கு வாரைக் குடுத்தாரு. ரெண்டு பேருக்கும் கணக்கு சரியாப் போச்சு, இல்ல லீனி?"

தாங்கியை மட்டுமாவது கொடு, மற்றது உனக்கு எதற்கு என்று அவள் கேட்டாள். தருகிறேன், வீட்டுக்கு வந்து தருகிறேன் என்றான்.

சொன்னபடியே மூன்றாம் நாள் வந்து கொடுத்தான். அவள் வேலைக்குக் கிளம்பி வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் சாலையோரத்திலிருந்து இரண்டு கையாலும் தாங்கியைத் தலைக்குமேல் தூக்கி முன்கண்ணாடிமேல் எறிந்தான். கண்ணாடியைத் துளைத்து வந்த வார்ப்பிரும்பு அவள் தோள்பட்டையில் மோதி, இருக்கைக்குக் கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது. காறையெலும்பு முறிந்தது. கன்னத்தில் பதினொரு தையல். போலீஸ் வந்து கேட்டபோது, மரக்கிளை விழுந்தது என்று சொன்னாள். நெவின் வாயைத் திறக்கப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். கேலன் விஷயத்தைப் போலீஸிடம் விடுவது, தன் அடியை வேறு யாரையோ அடிக்கச் சொல்வது போல அவளுக்குத் தோன்றியது.

எலும்பு கூடியதும் அவள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சுடுமைதானத்துக்குப் போனாள். அப்பாவின்மேல் பாசத்தால் அல்ல. அவர் ஒரு நாள்கூட அவளைத் தொடவிடாத பொருள் அது.

முதலில் மணல் மூட்டைகளை அடுக்கி அதன்மேல் வைத்துச் சுட்டாள். ஒவ்வொரு வெடிக்கும் மூட்டைகள் அமுங்கிப் பரந்து, ஐந்தாவது தோட்டா அட்டையையே தொடவில்லை. பிறகு வேட்டைச் சாமான் கடையில் மடக்குக் கால் வைத்த லேசான தாங்கி ஒன்று வாங்கினாள். வெடித்ததும் தவளை மாதிரி குதித்தது. பக்கத்து மேசைக்காரன் ஒருவன், அதுக்கு ஒரு கயிறு கட்டி இழுத்துட்டுப் போ, கூடவே வரும் என்றான். ஆர்லீன் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தாள். கூட வந்திருந்த நெவின் இருமினான். விட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொரு மேசையாகப் போனாள். ஆள் நின்றால் கேட்டுக்கொண்டு, நிற்காவிட்டால் கேட்காமலே, தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்துத் துப்பாக்கியின் கட்டையை உள்ளங்கையால் தள்ளினாள். உள்ளே தெரிந்த குறிபார்க்கும் குறுக்குக் கம்பி இலக்கைவிட்டு நகர்ந்து திரும்பப் பழைய இடத்துக்கே வருகிறதா என்று பார்த்தாள். பல தாங்கிகளில் வரவில்லை. ஒரு முடியளவு தள்ளி நின்றது. இங்கே ஒரு முடி என்றால் அங்கே ஒரு சாண். நெம்புகோல் ஒன்றை அசைத்தே மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்பக்கூடிய பளபளப்பான தாங்கிகளை நிறையப் பேர் வைத்திருந்தார்கள். அவற்றில் சிலவற்றில் அவளுடைய நாடித்துடிப்புக்கே கம்பி ஆடியது. திரும்பி வந்து நின்றவற்றுக்கெல்லாம் மூன்று பொது அம்சங்கள் இருந்தன. கால்கள் அகலமாக விரிந்திருந்தன, கால் முனை கூராக இருந்தது. அந்தத் தாங்கிகள் கனமாக இருந்தன.

அவற்றில் பாதி ஆரிஸ் கெல்ச்னர் செய்தவை. அவர் ஊருக்கு மேற்கே ஆற்றங்கரையில் கடைசல் பட்டறை வைத்திருந்தார். தொண்ணூறு கிலோ மனிதர், பேச்சு மட்டும் சன்னமாக வரும். ஆர்லீன் யாருடைய மகள் என்று அவருக்குத் தெரியும். எல்டன் ஒருமுறை அவருடைய வண்டியின் நான்கு சக்கரங்களையும் கத்தியால் குத்தியிருந்தார். அதை அவர் சொன்னார். அவளும் ஆமாம் என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

அவர் இரண்டு தாங்கியை எடுத்து வைத்தார். ஒன்று அலுமினியம், நெம்புகோல் வைத்தது, துடைத்து வைத்த சமையல் பாத்திரம் மாதிரி இருந்தது. மற்றது கறுப்பு இரும்பு. நடுவே தடித்த தண்டு, ஏற்றி இறக்க ஒரு சக்கரம், தண்டைப் பூட்ட ஒரு திருகு, அவ்வளவுதான். எடை முப்பத்தெட்டு பவுண்டு.

ஆர்லீன் இரண்டையும் சிமெண்டுத் தரையில் வைத்து, குனிந்து, மாட்டின் கழுத்துச் சட்டத்தை ஆட்டிப் பார்ப்பது போல முழு பலத்தோடு ஆட்டினாள். அலுமினியம் ஒரு கோடு கிழித்துக்கொண்டு நகர்ந்தது. இரும்பு அப்படியே இருந்தது.

"அதையா எடுக்கற?" கெல்ச்னர் கேட்டார். "வெளிய கொண்டுபோய் வெச்சுட்டு வரவே ஒரு ஆள் வேணும். எல்லாரும் இப்ப லேசானதுக்குத்தான் வராங்க."

"நான் தினமும் அரை மாட்டத் தூக்கறவ."

"பாக்க லட்சணமாவும் இருக்காது."

"நானும்தான் இல்ல," என்று அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். முறிந்து கூடிய எலும்பு வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

புதுத் தாங்கியோடு சுட்டபோது பக்கவாட்டில் நாலு அங்குலத்துக்குள் எல்லா ஓட்டைகளும் அடங்கின. ஆனால் மேலும் கீழுமாக ஒரு சாணுக்குமேல் சிதறி, ஒரு கோடு போல விழுந்தன. வெடிமருந்து அளவில் பிசகு என்று நினைத்தாள். மாற்றிப் பார்த்தாள். கோடு போகவில்லை.

ஜூலை மாதப் போட்டியில் அவளுக்கு ஏழாம் மேசை. அவளுடைய சுற்றில் இரண்டு தோட்டா போயிருந்தது. அவள் மூன்றாவதை உள்ளே தள்ளிவிட்டு, இடது கையால் தாங்கியின் சக்கரத்தைத் திருப்பி உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். காதில் அடைப்பான் இருந்ததால் கேலன் வந்தது கேட்கவில்லை. சுடும் நேரத்தில் மேசை வரிசைக்குள் வேறு ஆள் வரக்கூடாது என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவன் வண்டியிலிருந்து இறங்கி, கையில் பாறை உடைக்கும் சம்மட்டியோடு, மேசைகளுக்குப் பின்னால் நேராக நடந்து வந்தான். அன்று காலையே குடித்திருந்தான். மைதானத்தை நடத்துபவர் நிறுத்து என்று ஒலிபெருக்கியில் கத்துவதற்குள் சம்மட்டி இறங்கிவிட்டது.

அவன் குறிவைத்தது துப்பாக்கியைத்தான். முதல் அடியில் தொலைநோக்கி நொறுங்கியது. இரண்டாவது அடி சக்கரத்தின்மேல் விழுந்தது. அவளுடைய இடது கை அங்கே இருந்தது.

வலி உடனே வரவில்லை. மோதிர விரலும் சுண்டுவிரலும் இருந்த இடத்தில் சிவப்பாக ஏதோ பிதுங்கிக் கிடந்ததைப் பார்த்தாள். அதற்குள் அவளுடைய வலது கை அவன் கழுத்தில் இருந்தது. சம்மட்டியை அவன் மூன்றாவது முறை ஓங்கவில்லை. ஓங்கவிடவில்லை. முடியைப் பற்றி அவன் முகத்தைச் சிமெண்டு மேசையின் விளிம்பில் மோதினாள். பற்கள் உடைந்து மேசைமேல் சிதறின. அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. சின்ன வயதில் அப்பாவுக்கு முன்னால் நின்ற மாதிரியே உடம்பை ஒடுக்கிக்கொண்டு நின்றான். அது அவள் கண்ணில் பட்டது. பட்டும் மறுபடி மோதினாள். தாடை முறிந்தது. அவன் தரையில் விழுந்தபிறகும் விலாவில் உதைத்தாள். ஐந்து உதையா ஆறு உதையா என்று பிறகு நீதிமன்றத்தில் அவளால் சொல்ல முடியவில்லை.

மூன்று பேர் அவளை இழுத்தார்கள். ஒருவனுக்கு முழங்கையால் வாயில் விழுந்தது. கடைசியில் நெவின் வந்து, கேலனுக்கும் அவளுடைய காலுக்கும் நடுவே மண்ணில் படுத்துக்கொண்டான். உதை ஒன்று அவன் முதுகில் விழுந்தது. அப்போதுதான் நின்றாள்.

"லீனி, உன் விரல்," என்றான் அவன், படுத்தபடியே.

மருத்துவமனையில் இரண்டு விரல்களையும் அடியோடு எடுத்துவிட்டார்கள். கேலனின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். மூன்று விலா முறிந்திருந்தது. அவனுக்கு வட்டாரச் சிறையில் பத்து மாதம். விழுந்துகிடந்தவனை உதைத்ததற்காக ஆர்லீனுக்கு அபராதமும், மைதானத்தில் ஒரு வருடம் தடையும் கிடைத்தது. அவள் மேல்முறையீடு செய்யவில்லை. முதல் இரண்டு மோதல் சரி, மிச்சம் என்னுடையது என்று நெவினிடம் சொன்னாள்.

அக்டோபரில் கேலனைப் பார்க்கச் சிறைக்குப் போனாள். எதற்குப் போகிறாய் என்று நெவின் கேட்டபோது வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேலன் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தான். இளைத்திருந்தான். முன்பல் வரிசையே இல்லை. அவன் அவளுடைய கையைப் பார்த்தான். அவள் அவனுடைய வாயைப் பார்த்தாள்.

"எது வாங்கின?" என்றான்.

"எத?"

"தாங்கி. நான் அத்தன பலமா அடிச்சேன், அது அசையவே இல்ல."

கெல்ச்னர் செய்தது, கறுப்பு இரும்பு என்று சொன்னாள்.

"அதுல நடுத்தண்டுக்குப் பக்கவாட்டுல ஒரு பூட்டுத் திருகு இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒசரம் சரி பண்ணினதும் அத இறுக்கறியா?"

"லேசா இறுக்குவேன். மறுபடி மாத்த வேண்டியிருக்குமே."

"லேசான்னா மேலயும் கீழயும் கோடு போடும். போடுதா?"

அவள் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"போடும்," என்றான் கேலன். "தண்டு உள்ள ஒரு முடியளவு ஆடினாலும் போடும். எனக்குத் தெரியும். அவரோட தாங்கிய ஒவ்வொரு சனிக்கிழமையும் துடைச்சு, எண்ணெய் போட்டு, வண்டியில ஏத்தறது நான்தான். தோட்டாவுக்கு மருந்து நிறுக்கறதும் நான்தான். ஞாயித்துக்கிழம அவரு வீட்டுக்கு வந்து அட்டைய மேசமேல வெப்பாரு. பக்கவாட்டுல போயிருந்தா காத்து. மேல கீழ போயிருந்தா நான். அப்புறம் நிலவறைக்குக் கூட்டிட்டுப் போவாரு."

ஆர்லீனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நினைவிருந்தன. நிலவறைக் கதவு மூடும் சத்தமும் நினைவிருந்தது. தன்மேல் விழாத வரை எதற்கு என்று அவள் கேட்டதில்லை. அட்டையில் விழுந்த ஓட்டைகளுக்காக என்பது நாற்பத்தேழு வயதில்தான் தெரிந்தது. மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. அவனும் கேட்கவில்லை. மருந்தை எத்தனை முறை நிறுப்பாய் என்று கேட்டாள். அவன் சொல்லத் தொடங்கினான். காவலர் வந்து நேரமாயிற்று என்னும்வரை சொன்னான்.

கெல்ச்னர் தன் வயலில் அறுநூறு கஜ தூரம் சுட ஒரு மேசை போட்டிருந்தார். தடை இருந்த வருடம் முழுக்க ஆர்லீன் அங்கே சுட்டாள். துப்பாக்கியின் கட்டை கீறலோடு தப்பித்திருந்தது. தொலைநோக்கி மட்டும் புதிது. பின் மணல் பையை இடது கையால் பிசைந்து குறியை நுணுக்கமாக ஏற்றி இறக்க வேண்டும். மூன்று விரலால் அது வர ஐந்து மாதம் ஆயிற்று. வராத நாட்களில் மேசைக்காலைக் கால் கட்டைவிரல் நகம் பெயரும்வரை உதைத்தாள். திருகை முழுக்க இறுக்கிச் சுட்ட முதல் நாளே கோடு மறைந்து, ஐந்து ஓட்டைகளும் ஒரு கைப்பிடி அளவுக்குள் உருண்டையாக விழுந்தன. கெல்ச்னர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தாங்கியைச் செய்த எனக்கே இது தோன்றவில்லையே, உனக்கு யார் சொன்னது என்றார். என் தம்பி என்றாள். அவர் அவளுடைய கையைப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

மாதம் ஒருமுறை சிறைக்குப் போனாள். கண்ணாடிக்கு இரு பக்கமும் உட்கார்ந்து மருந்து, மணல், காற்று என்று அரை மணி நேரம் பேசினார்கள். வேறு எதையும் பேசவில்லை.

மே மாதம் அவன் வெளியே வந்தான். அழைத்துவர ஆர்லீன் வண்டியோடு போனாள். வழியில் ஓர் உணவகத்தின் முன் நிறுத்தி, அவன் தாடையில் கம்பி கட்டியிருந்த மாதங்களில் கனவு கண்ட வறுத்த உருளைக்கிழங்கும் கறியும் வாங்கிக்கொடுத்தாள். தின்றுவிட்டு வண்டியில் ஏறினார்கள். அவன் அவளுடைய இடது கையைக் காட்டி, இனிமேல் உன் கையுறைக்குப் பாதி விலைதான் குடுக்கணும் என்றான். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். அவளுடைய கை அவன் காதோடு சேர்த்து அறைந்தது. கேலன் ஒரு நொடி ஒடுங்கினான். பிறகு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, தன்னை அடித்தவரைத் திருப்பி அடித்தான். முஷ்டி அவளுடைய வாயில் இறங்கியது. உதடு கிழிந்து சட்டை நனைந்தது. அவள் அவன் மூக்கில் கொடுத்தாள். அவன் அவளுடைய தலையைக் கதவுக் கண்ணாடியில் மோதினான். சாப்பிட வந்தவர்கள் வண்டி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓய்ந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"போதுமா?" என்றான் கேலன்.

"எனக்குப் போதும்."

அவன் இறங்கி, பையை எடுத்துக்கொண்டு, பேருந்து நிற்கும் இடத்தை நோக்கி நடந்தான். அவள் கூப்பிடவில்லை. ஓஹையோவில் மரச்சட்டம் அடிக்கும் கிடங்கில் வேலை கிடைத்தது என்று பிறகு தெரிந்தது. அங்கேயும் ஒருவனை அடித்து இரண்டு மாதம் உள்ளே இருந்தான். அந்த ஆள் அவனைவிட ஒரு தலை உயரம் என்று நெவின் கேள்விப்பட்டு வந்து சொன்னான்.

தடை முடிந்த அடுத்த பருவத்தில் ஆர்லீன் மொத்தப் பட்டியலில் மூன்றாவதாக வந்தாள். எல்டன் ஐந்தாவது இடத்துக்குமேல் வந்ததில்லை. இப்போதும் விடிகாலையில் கூடத்துக்குப் போகிறாள், சட்டத்தைத் தொட்டுப் பார்க்கிறாள், முதல் மாட்டை உள்ளே விடச் சொல்கிறாள். போன குளிர்காலத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் செத்துக்கொண்டிருந்த கன்றை உதைத்தான் என்று அவன் முன்கையை முறித்துவிட்டு மூன்று வாரம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தாள்.

கேலன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்வான். சட்டப்படி அவன் இனித் துப்பாக்கியைத் தொட முடியாது. அட்டை எப்படி இருந்தது என்று கேட்பான். அவள் ஓட்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவாள்.

"மூணாவது ஏன் தள்ளிப் போச்சு?" என்பான்.

"காத்து."

"காத்துதானே?"

"காத்துதான்டா," என்பாள் அவள்.